மார்கழியில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது

ஆண்டுதோறும் ஜனவரி 3, 4 தேதிகளை ஒட்டிப் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. நமக்கு அது மார்கழி. விடியற்காலையில் வாசல் தெளிக்க வருகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிற காலம். அப்போது சூரியனுக்கும் நமக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் பூமி மிகத் தள்ளிப் போகும்போது அது சுமார் 15.21 கோடி கிலோமீட்டர் ஆகிவிடும். ஐம்பது லட்சம் கிலோமீட்டர் அருகில் இருக்கும்போது போர்வை தேடுகிறோம். தள்ளிப்போன பிறகு விசிறி தேடுகிறோம்.

வெயிலும் குளிரும் ஏன் மாறி மாறி வருகின்றன என்று கேட்டால், படித்தவர்களிலும் பலர் தூரத்தைத்தான் காரணம் சொல்வார்கள். அடுப்பை நெருங்கினால் சுடும் என்பது அனுபவம் ஆயிற்றே. ஆனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. பூமியின் பாதை வட்டத்தை மிகவும் ஒட்டிய நீள்வட்டம். மிகக் குறைந்த தூரத்துக்கும் மிக அதிகத் தூரத்துக்கும் வித்தியாசம் மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதனால் பூமிக்கு வரும் வெயிலில் சுமார் 7 சதவீதம் ஏற்ற இறக்கம் உண்டு. அது பருவங்களைப் புரட்டிப்போடப் போதாது.

இன்னொரு சான்று கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெல்போர்னில் டெஸ்ட் போட்டி தொடங்கும். அங்கே பார்வையாளர்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அதே நாளில் லண்டனில் கம்பளிக் கோட்டு இல்லாமல் வெளியே இறங்க முடியாது. இரண்டு ஊரும் ஒரே பூமியில், சூரியனிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கின்றன. தூரம்தான் காரணம் என்றால் இரண்டிலும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டும்.

சாய்ந்து நிற்கும் அச்சு

காரணம் சாய்வு. பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு, அதன் சுற்றுப்பாதையின் தளத்துக்கு நெட்டுக்குத்தாக இல்லை, சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து உலக உருண்டை அதன் தாங்கியில் சரிந்து நிற்பது இதைக் காட்டத்தான்.

சாய்வு மட்டும் தெரிந்தால் போதாது. அந்தச் சாய்வின் திசை ஆண்டு முழுவதும் மாறுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், அச்சின் வடமுனை வானில் ஒரே இடத்தையே குறிவைக்கிறது. அந்த இடத்தை ஒட்டி இருப்பது துருவ நட்சத்திரம். சென்னையில் அது வடக்கு அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரி உயரத்தில் தெரியும். கையை முழுக்க நீட்டி, மூடிய முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்தால் அதற்குக் கொஞ்சம் மேலே. ஆனியில் பார்த்தாலும் மார்கழியில் பார்த்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். மற்ற நட்சத்திரங்கள் மாதத்துக்கு மாதம் இடம் மாற, இது மட்டும் மாறாதது ஏன் என்றால், நம் அச்சு திரும்பவில்லை என்பதால்தான்.

அச்சு திரும்பாமல் பூமி மட்டும் சுற்றி வருவதால், ஜூன் மாதத்தில் வடமுனை சூரியன் பக்கம் சாய்ந்ததாக அமைகிறது. ஆறு மாதம் கழித்து, சூரியனுக்கு மறுபுறம் போன பிறகு, அதே சாய்வு வடமுனையைச் சூரியனிலிருந்து விலக்கி வைக்கிறது. அப்போது தென்முனைக்கு முறை. மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய தேதிகளை ஒட்டி எந்த முனையும் சூரியன் பக்கம் சாய்ந்திராது. உலகெங்கும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும்.

ஒரே வெயில், வேறு வேறு பரப்பு

சாய்வு இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. ஒன்று, வெயில் விழும் கோணம். மற்றது, பகலின் நீளம்.

டிசம்பர் 21 அன்று நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். ஒரு சதுர மீட்டர் அகலமுள்ள வெயில் கற்றை அவ்வளவு சரிந்து வந்தால், தரையில் கிட்டத்தட்ட நான்கு சதுர மீட்டருக்குப் பரவிவிடும். ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது கால் பங்குச் சூடுதான். போதாக்குறைக்கு அது நீண்ட தூரம் காற்றைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். வழியிலேயும் கொஞ்சம் குறையும். அன்றைய பகலோ எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூன் 21 அன்று அதே லண்டனில் சூரியன் 62 டிகிரி உயரம் ஏறுகிறது. பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். காற்றையும் மேகத்தையும் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஜூன் நாளில் வருவதில் ஆறில் ஒரு பங்குதான் டிசம்பர் நாளில் அந்த ஊருக்கு வருகிறது.

சென்னையில் இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு? டிசம்பர் 21 நண்பகலிலும் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். ஜூன் நாளோடு ஒப்பிட்டால் டிசம்பர் நாளில் ஐந்தில் நான்கு பங்கை ஒட்டி வெயில் கிடைத்துவிடுகிறது. நம்முடைய குளிர்காலம் ஒரு துண்டோடு முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜூன் 21 அன்று ஒரு முழு நாளில் வளிமண்டலத்தின் உச்சிக்கு வந்து சேரும் வெயிலைக் கணக்கிட்டால், சென்னையைவிட லண்டனுக்கு அதிகம். வட துருவத்துக்கு அதைவிடவும் அதிகம். அங்கே சூரியன் மறைவதே இல்லை. ஆனாலும் துருவம் சுடுவதில்லை. அங்குள்ள பனி, வரும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மீதியும் பனியை உருக்குவதிலேயே செலவாகிறது.

நிழல் காலடியில் ஒதுங்கும் நாள்

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே இருக்கிற ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். தமிழகமும் இலங்கையும் முழுவதும் இந்தப் பட்டைக்குள் அடங்கும். கன்னியாகுமரிக்கு அந்த நாள் ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டி வருகிறது. மதுரைக்கு ஏப்ரல் 15, 16. சென்னைக்கு ஏப்ரல் 24, 25. பிறகு சூரியன் வடக்கே கடக ரேகை வரை போய்த் திரும்பும்போது ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையையும், ஆகஸ்ட் 27 வாக்கில் மதுரையையும், செப்டம்பர் 1 வாக்கில் கன்னியாகுமரியையும் மறுபடி கடக்கிறது. அன்று நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தார் பிள்ளைகளைத் திரட்டி மைதானத்தில் பார்க்க வைப்பது இதைத்தான்.

மொட்டைமாடியில் ஒரு மீட்டர்க் கம்பு ஒன்று இருந்தால் சாய்வை நீங்களே அளந்துவிடலாம். சென்னையில் கடிகாரம் 12ஐத் தாண்டிப் பத்து நிமிடம் ஆகும்போதுதான் உண்மையான நண்பகல். டிசம்பர் 21 அன்று அந்தக் கம்பின் நிழல் வடக்கு நோக்கி 74 சென்டிமீட்டர் நீளும். ஜூன் 21 அன்று நிழல் 18 சென்டிமீட்டருக்குச் சுருங்கி, தெற்கு நோக்கி விழும். சூரியன் நமக்கு வடக்கே போய்விட்டது என்று இதற்குப் பொருள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னை வீடுகளில் வடக்குச் சுவரில் வெயில் ஏறுவதும், தையில் தெற்குப் பார்த்த ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நெடுந்தூரம் வருவதும் இதனால்தான். லண்டன்காரர் ஒருவர் தம் ஊரில் நண்பகல் சூரியனை வடக்கே பார்க்கவே முடியாது.

உச்சிக்கு வந்தது ஏப்ரலில், கொதிப்பது மே மாதத்தில்

சூரியன் சென்னைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 24 என்றால், கத்திரி வெயில் ஏன் மே 4 முதல் 28 வரை? அந்த நாட்களில் சூரியன் விஜயவாடாவின் அட்சரேகையைத் தாண்டி நாக்பூர் வரை போய்விட்டிருக்கும். 2003இல் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது மே 31 அன்று.

முதல் காரணம், நிலமும் காற்றும் சூடாக எடுத்துக்கொள்ளும் நேரம். மேல்தொட்டிக்கு மோட்டார் விட்டிருக்கும்போது குழாயையும் திறந்து வைத்தால், உள்ளே வரும் தண்ணீர் வெளியே போவதைவிட அதிகமாக இருக்கிறவரை மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மோட்டாரின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் ஏற்றம் உடனே நின்றுவிடாது. வெயில் வரவும் அப்படித்தான். உச்சியைத் தாண்டிய பிறகும் பல வாரங்களுக்குச் செலவைவிட வரவு அதிகம். பகலின் மிகக் கடுமையான சூடு பன்னிரண்டு மணிக்கு வராமல் இரண்டு, மூன்று மணிக்கு வருவதும் இதே கணக்கு.

இரண்டாவது, காற்று. சாதாரண நாளில் நண்பகல் வாக்கில் கடற்காற்று கரையேறிச் சென்னையைக் காப்பாற்றிவிடும். மே இறுதியில் உள்நாட்டிலிருந்து வறண்ட மேல்காற்று பலமாக அடிக்கும்போது கடற்காற்றால் சீக்கிரம் உள்ளே நுழைய முடிவதில்லை. அது தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் வெப்பமானியில் ஏறுகிறது.

மூன்றாவது, மேகம். ஆகஸ்ட் 18 அன்றும் சூரியன் அதே உச்சியில்தான் நிற்கிறது. ஆனால் அதைக் கத்திரி என்று யாரும் சொல்வதில்லை. அதற்குள் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் வானில் திரிகின்றன. மாலையில் இடியோடு மழையும் வந்து தரையை ஆற்றிவிடுகிறது.

கோணமும் பகல் நீளமும் லண்டனின் பருவங்களைப் பெரும்பாலும் விளக்கிவிடுகின்றன. நம் பக்கத்தில் அவை பாதிக் கதைதான். மீதிப் பாதியைக் காற்றும் கடலும் சொல்கின்றன.

சாய்வு மழையாக வந்து சேரும் வழி

நம் ஆண்டைப் பிரிப்பது வெப்பமானியைவிட மழையே. உழவர் விதைப்பதும் அறுப்பதும் மழையை வைத்து. அந்த மழையைத் திசைமாற்றுவதும் அதே 23.4 டிகிரிதான்.

சூரியன் வடக்கே போகும்போது வட இந்தியாவும் திபெத்தியப் பீடபூமியும் கடலைவிட வேகமாகச் சூடாகின்றன. தண்ணீர் மெல்லத்தான் சூடாகும். சூடான நிலத்தின் மேல் காற்று எழும்ப, அழுத்தம் குறைகிறது. அதோடு, நிலநடுக்கோட்டை ஒட்டி இருபுறக் காற்றும் வந்து கூடும் மழைப்பட்டையும் சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கே நகர்கிறது. அதை நோக்கி இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று பாய்கிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சி அதை வலப்புறம் வளைத்துவிட, அது தென்மேற்கிலிருந்து வருகிறது. நிலமும் கடலும் வேறு வேறு வேகத்தில் சூடாவதற்கும் பருவக்காற்றுக்கும் உள்ள தொடர்பை 1686இலேயே எழுதி, காற்றுகளின் வரைபடத்தையும் வெளியிட்டவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலி.

ஜூன் 1 வாக்கில் இந்தக் காற்று கேரளத்தில் மோதுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதன் ஈரத்தைப் பிழிந்துகொள்கிறது. நான்கு மாதத்தில் கேரளத்துக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது பெரும்பாலும் காற்று மட்டுமே மிஞ்சுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பது இந்தக் காற்றைத்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் அது சீறிக்கொண்டு வருவதால்தான் பல்லடம் பக்கத்திலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் நல்ல விளைச்சல் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை.

செப்டம்பர் 22க்குப் பிறகு சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. இப்போது ஆசிய நிலப்பரப்பு வேகமாகக் குளிர்கிறது. கடல் இன்னும் கதகதப்பாகவே இருக்கிறது. காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. வங்காள விரிகுடாவின் மேல் வரும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு தமிழகக் கரையில் இறக்குகிறது. ஐப்பசி அடைமழை அதுதான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதியை ஒட்டிய பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கிடைக்கிறது. சென்னைக்குப் பாதிக்கும் மேல்.

இலங்கையிலும் இதே பிரிவினை தெரியும். கொழும்பும் காலியும் தென்மேற்குக் காற்றில் நனையும்போது யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் வறண்டு கிடக்கும். அவற்றின் மழை ஐப்பசிக்குப் பிறகு. பெரும்போக விதைப்பு அந்த மழையை நம்பித்தான். தஞ்சைப் பக்கத்துச் சம்பா இந்த மழையைக் குடித்து வளர்ந்து தையில் களத்துக்கு வருகிறது.

நான்கு பருவம் என்ற ஐரோப்பியக் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான். ஆவணி, புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், அதன் பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்றும் ஆறாகப் பகுத்தார்கள் நம் முன்னோர். ஆறில் இரண்டை மேகத்துக்கும் ஈரக்காற்றுக்கும் கொடுத்திருக்கிறார்கள். இலை உதிர்வதை வைத்து எதையும் பிரிக்கவில்லை. இந்த மண்ணில் அதற்கு அவசியம் இருக்கவில்லை.

சாய்வு இல்லாவிட்டால்

சூரியக் குடும்பம் முழுவதிலும் ஒரே அளவுச் சாய்வு இல்லை. வியாழன் வெறும் 3 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அங்கே பருவம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. யுரேனஸ் சுமார் 98 டிகிரி சாய்ந்து கிட்டத்தட்டப் படுத்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதற்கு ஒரு சுற்று 84 ஆண்டு என்பதால், அதன் ஒவ்வொரு துருவத்துக்கும் ஏறத்தாழ 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு. செவ்வாயின் சாய்வு சுமார் 25 டிகிரி, நம்முடையதை ஒட்டியது. ஆனால் அதன் பாதை நம்முடையதைவிட நன்றாகவே நீண்ட நீள்வட்டம். அதனால் நாம் முதலில் ஒதுக்கிவைத்த தூரம் அங்கே கணக்கில் வந்துவிடுகிறது: தென்பகுதிக் கோடை குறுகியதாகவும் கடுமையாகவும் இருக்கும், பெரும் புழுதிப் புயல்கள் எழுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

பூமிக்கு இந்தச் சாய்வு எப்படி வந்தது? ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகளுக்கு முன் இளம்பூமியின் மீது செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் மோதியது, அந்தச் சிதறலிலிருந்து நிலா உருவானது என்பது இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் விளக்கம். சாய்வுக்கும் அத்தகைய மோதல்களே காரணம் என்று கருதுகிறார்கள். அப்படிப் பிறந்த நிலாவே இன்று அந்தச் சாய்வைப் பெரிதாக ஆடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சுமார் 41,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக அது 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையேதான் ஊசலாடுகிறது. அவ்வளவு சிறிய ஊசலாட்டமும் பனியுகங்களின் வரவிலும் முடிவிலும் பங்கு வகித்திருக்கிறது.

பஞ்சாங்கம் எங்கே விலகுகிறது

அச்சின் திசை மாறுவதில்லை என்று மேலே சொன்னது ஓர் ஆண்டுக் கணக்குக்குச் சரி. நூற்றாண்டுகளில் பார்த்தால் அது மெல்லத் திரும்புகிறது. அச்சின் முனை வானில் ஒரு முழு வட்டம் போட சுமார் 26,000 ஆண்டு ஆகும். இதன் விளைவை நம் வீட்டு நாட்காட்டியிலேயே பார்க்கலாம்.

தை முதல் நாளைச் சூரியன் வடக்கே திரும்பும் நாளாகக் கொண்டாடுகிறோம். மொட்டைமாடிக் கம்பின் நிழலைக் கேட்டால், சூரியன் திரும்பியது டிசம்பர் 21 அல்லது 22 என்று சொல்லும். தமிழ் மாதங்கள் சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதை, அதாவது நட்சத்திரங்களை, வைத்துக் கணிக்கப்படுகின்றன. பருவங்களோ அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து வருகின்றன. அச்சு மெல்லத் திரும்புவதால் நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட சுமார் 20 நிமிடம் நீளம். ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒரு நாள் வித்தியாசம் சேர்ந்துவிடும். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. இன்று இருபத்துமூன்று, இருபத்துநான்கு நாள் விலகிவிட்டன. சித்திரை முதல் நாளும் அப்படியே: பகலிரவு சமமாகும் நாளிலிருந்து அதே அளவு தள்ளிப்போய் ஏப்ரல் 14இல் நிற்கிறது.

இந்த விலகலைச் சரிசெய்யத்தான் 1952இல் மேகநாத் சாகா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவை இந்திய அரசு அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் பருவத்தோடு பிணைந்த தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதில் சைத்ர முதல் நாள் மார்ச் 22; லீப் ஆண்டில் மார்ச் 21. அரசிதழில் இன்றும் அந்தத் தேதி அச்சாகிறது. மக்களின் பண்டிகைகள் மட்டும் நட்சத்திரக் கணக்கை விடவில்லை. அந்தக் கணக்கு இப்படியே தொடர்ந்தால், இன்னும் சுமார் 13,000 ஆண்டில் தைப் பொங்கல் ஜூலை நடுப்பகுதிக்குப் போய்விடும். அன்றைய உழவர் புதுநெல்லுக்குப் பொங்கலைக் காத்திருப்பாரா, பொங்கலைப் புதுநெல் வரும் நாளுக்கு மாற்றிக்கொள்வாரா என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். மழை எப்போது வரும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்காது. அது பஞ்சாங்கத்தைக் கேட்டு வருவதில்லை.